பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு பழைய வீடு: வாங்கலாமா?

புதுச்சேரியில் ஈஸ்வரன் கோயில் வீதிக்குப் பக்கத்தில் திண்ணையும் முற்றமுமாக ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. தரகர் 150 வருஷத்து வீடு என்கிறார். நீங்கள் கூட்டிப்போன எஞ்சினியர், முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் இடித்துக் கட்டிவிடுங்கள் என்கிறார். ஓய்வுப் பணத்தை இதில் போடலாமா என்று கேட்டு ஐந்து படங்களும் போட்டிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த வீடு நிற்குமா, வாங்கினால் இது என்னுடையதாகவே இருக்குமா? முதலாவதைப் பற்றி இரண்டு பத்தி பயந்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதைப் பற்றி ஒரே வரி: "பங்காளிகள் எல்லாரும் சம்மதம் என்கிறார்கள்." என்னைக் கேட்டால் பயத்தைத் திருப்பிப் போட வேண்டும். சுவரைவிடப் பத்திரத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

நான் சிவில் எஞ்சினியர். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதுதான் வேலை. வக்கீல் இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் வேலை பாதியில் நின்றபோதெல்லாம் பத்திரக் கதையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்கிற முறையில் அதைப் பற்றியும் கொஞ்சம் சொல்வேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்து உத்திரம் நல்லது, கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லலாம்.

வயதில் ஆரம்பிப்போம், தரகர் அதைத்தானே விற்கிறார். 1761-ல் ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டுப் பிடித்து இந்த ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பி வந்த பிறகு பழைய அஸ்திவாரங்களின் மேலேயே ஊர் மறுபடி எழுந்தது. தெருக்கள் நூல் பிடித்த மாதிரி இருப்பது அதற்கும் முந்தி, 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டம். அதனால் 'முந்நூறு வருஷத்து வீடு' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் விதிவிலக்கு. 150 என்பது நடக்காத கணக்கில்லை. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழர் பகுதியில் இன்று நிற்பவற்றில் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவைதான். கீழே திண்ணை, ரேழி, முற்றம் என்று தமிழ் வீடு, மேலே அரைவட்ட வளைவும் சுதைத் தூணும் பலகணியுமாகப் பிரெஞ்சுச் சாயலில் மாடி என்று இருந்தால், மாடி பெரும்பாலும் பின்னால் ஏறியது. குடும்பத்தில் காசு வந்த காலம் அது.

நீங்களே கொஞ்சம் துப்புத் துலக்கலாம். பின்கட்டில் ஓடு இருந்தால் ஒன்றைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். மங்களூர் ஓடாக இருந்தால் அடிப்பக்கம் கம்பெனிப் பெயர் அச்சாகி இருக்கும். பாசல் மிஷன் அங்கே ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். அதனால் அந்தக் கூரை அதற்குப் பிந்தியது. கூரை மட்டும்தான் பிந்தியது, சுவர் முந்தியதாக இருக்கலாம், ஓடு எத்தனையோ தடவை மாறியிருக்கும். உத்திரத்தில் இரும்புக் கர்டர் இருந்தால் அதன் பக்கவாட்டில் வார்ப்படப் பெயரைத் தேடுங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல்லின் கனத்தைப் பாருங்கள். மெல்லிய தட்டைக் கல் என்றால் பழசு, இன்றைய கல் மாதிரி தடித்திருந்தால் பிற்காலத்துக் கை பட்ட இடம். இவை எல்லாம் ஊகத்துக்கு உதவுமே தவிர சான்று ஆகாது. சான்று வேண்டுமென்றால் பிரெஞ்சுக் காலத்துப் பத்திரத்தில் வீட்டைப் பற்றி எழுதியிருக்கும் வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது சுவர். உங்கள் மூன்றாவது படத்தில் கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் உங்கள் எஞ்சினியர் 'சுவர் போச்சு' என்றிருப்பார். போகவில்லை. அந்தக் காலத்துச் சுவருக்கு அடியில் ஈரத் தடுப்பு அடுக்கு கிடையாது. தரை ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆவியாகிப் போகும், ஏறுவதும் போவதும் சமமாக இருக்கிற வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது. கடலோர ஊர் என்பதால் ஈரத்தோடு உப்பும் ஏறும். எப்போது வெள்ளை பூக்கும் என்றால், யாரோ மேலே சிமென்ட் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்டும் அடித்து வழியை அடைத்த பிறகு. உள்ளே அடைபட்ட உப்பு படிகமாகும்போது பூச்சைத் தள்ளும்.

இதை நான் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. வேலைக்கு வந்த புதிதில், இதே பகுதியில் ஒரு வீட்டின் பின்கட்டுச் சுவர் முழுவதும் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு நல்ல கனமாக சிமென்ட் பூசிக் கொடுத்தேன். வீட்டுக்கார அம்மா கையால் தடவிப் பார்த்து, "இப்பதான் தம்பி சுவர் மாதிரி இருக்கு" என்றார். அடுத்த ஐப்பசி தாண்டியது. அதற்கடுத்த ஐப்பசியில் கூப்பிட்டு அனுப்பினார். போனால் பூச்சு தட்டுத் தட்டாகத் தரையில் கிடந்தது, அதோடு பழைய செங்கல்லின் முகமும் கழன்று வந்திருந்தது. சிமென்ட் கல்லைவிடக் கெட்டி; போகும்போது கல்லையும் பிய்த்துக்கொண்டு போகிறது. அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. என் செலவில் சுண்ணாம்பு பூசிக் கொடுத்தேன்.

சுண்ணாம்பு வேலை என்றவுடன் முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், வெல்லம் என்று கதை சொல்வார்கள். கதை பொய்யில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாளித்து நாள்பட ஊறவிட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்து அடிப்பூச்சு. மேல்பூச்சுக்கு நன்றாக அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்குவது. ஆனால் உங்களுக்கு இதில் முக்கியம் பக்குவம் கூட இல்லை, பொறுமை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்ல இறுகும். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையில் காத்திருக்க வேண்டும். 'பொங்கலுக்குள் முடித்துக் கொடுங்கள்' என்று நெருக்கினால் கொத்தனார் யாருக்கும் தெரியாமல் ஒரு சட்டி சிமென்டைக் கலந்துவிடுவார்.

சுவரை விடுங்கள், உண்மையில் பணம் தின்பது கூரைதான். உங்கள் வீட்டில் இருப்பது மெட்ராஸ் டெரஸ் என்று நாலாவது படத்தில் தெரிகிறது. உத்திரம், அதன் மேல் நெருக்கமாகச் சட்டங்கள், சட்டங்களின் மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைக் குறுக்குவாட்டில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தளம், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் அடித்து இறுக்கிய அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. இது நன்றாக வைத்துக்கொண்டால் நூறு வருஷம் சாதாரணமாக நிற்கும். கெடுவது எப்போதும் ஒரே இடத்தில்: உத்திரத்தின் தலை, அதாவது சுவருக்குள் நுழைந்திருக்கிற முனை. மாடியில் தண்ணீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால் அந்த மூலையில் நீர் தேங்கும், சுவருக்குள் இறங்கும், மரத்தின் தலை ஈரத்திலேயே கிடக்கும். கரையானுக்கு அழைப்பிதழ் வேண்டியதில்லை.

என்னோடு வேலை செய்யும் ஆசாரி ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தொடுகிறவர். புதிய வீட்டுக்குப் போனால் யாரோடும் பேசமாட்டார். ஏணியைப் போட்டு ஏறி, சுத்தியல் காம்பால் உத்திரத்தை நடுவிலிருந்து சுவரை நோக்கித் தட்டிக்கொண்டே போவார். டங் டங்கென்று வந்த சத்தம் சுவர் நெருங்கும்போது பொத்தென்று மாறும். அந்த இடத்தில் ஒல்லி உளியை வைத்துக் கையால் அழுத்துவார், அடிக்கமாட்டார், அழுத்துவார். உளி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் இறங்கி வந்து, "கட்டை நல்லாத்தான் இருக்கு சார், தலைதான் போச்சு" என்பார். தலை போனால் முழு உத்திரத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. கூரைக்கு முட்டுக் கொடுத்து, போன பகுதியை வெட்டி, அதே மாதிரித் தேக்கில் ஒட்டுப் போடலாம். அல்லது சுவரோரம் தாங்குகட்டை கொடுக்கலாம். பர்மாத் தேக்காக இருந்தால் மிச்சத்துக்குக் கவலையே இல்லை. உங்கள் நாலாவது படத்தில் தாழ்வார மூலையில் உத்திரம் சுவரைத் தொடும் இடத்தில் காப்பிக் கறை மாதிரி ஒன்று தெரிகிறது. அந்த முனையைத்தான் முதலில் தட்டிப் பார்க்கச் சொல்வேன்.

அதே வீட்டில் நான் உண்மையிலேயே பயப்படுவது பின்னால் சேர்த்திருக்கும் கான்கிரீட் குளியலறைக்குத்தான். உங்கள் எஞ்சினியர் அதைப் பார்த்து 'இது மட்டும் நல்லா இருக்கு' என்றாராம். கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் வெடித்துக் கொட்டும். அறுபது எழுபதுகளில் இந்த ஊரில் போட்ட எத்தனையோ தளங்கள் பழைய மரத்தளத்துக்கு முன்பே கண்ணை மூடிவிட்டன. அந்தக் குளியலறையின் பாரம் பழைய சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, தனியாக நிற்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். முற்றத்தில் விழும் மழை எங்கே போகிறது என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ரேழிக்கு அடியில் ஒரு மூடிய கால்வாய் ஓடித் தெருச் சாக்கடையில் சேரும். அது கட்டப்பட்ட காலத்தில் தெரு தாழ்வாக இருந்தது. அதற்குப் பிறகு தார் மேல் தார் போட்டுத் தெருவை உயர்த்திக்கொண்டே வந்துவிட்டார்கள். திண்ணைக்கு ஏறும் படிகளை எண்ணுங்கள். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரைதான் தெரிந்தால் மற்றது தெருவுக்குள் புதைந்திருக்கிறது. அப்போது மழைநீர் வெளியே போவதற்குப் பதில் தெருத் தண்ணீர் உள்ளே வரும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது இங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அன்று அந்த முற்றத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று விற்பவரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

அக்கம்பக்கம் என்றதும் இன்னொன்று. தமிழர் பகுதியில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. நடுச்சுவர் பல இடங்களில் இரண்டு வீட்டுக்கும் பொது, அவர்கள் உத்திரத்தின் தலையும் உங்கள் உத்திரத்தின் தலையும் ஒரே சுவரில் முதுகோடு முதுகு வைத்துப் படுத்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நாளை இடித்துவிட்டு அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டினால் உங்கள் வீடு ஒரு பக்கம் தாங்கல் இழந்து நிற்கும். நான் பார்த்த பெரிய விரிசல்களில் பாதி இப்படி வந்தவை. ஆகவே இரண்டு பக்கத்து வீடுகளும் யார் கையில், அவர்களுக்கு விற்கிற யோசனை இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

'முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு' என்ற யோசனைக்கு வருகிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் என் ரசனையை ஒதுக்கிவிட்டே காரணம் சொல்கிறேன். முகப்புச் சுவர் தனியாக நிற்கிற சுவர் இல்லை. அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருப்பவை குறுக்குச் சுவர்களும் உத்திரங்களும்தான். அவற்றை எடுத்துவிட்டால் இரண்டு மாடி உயரச் சுண்ணாம்புச் சுவர் ஒரு மழைக்காலத்தை முட்டுக்கட்டையின் நம்பிக்கையில் கழிக்க வேண்டும். மழை என்ன செய்யும் என்பதற்கு ஊரே சாட்சி: கடற்கரைச் சாலையில் 1871-ல் கட்டிய மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகர மன்றம், பழுதுபார்க்காமல் விட்டு விட்டு, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது புதுக் கட்டடம்.

அனுமதி விஷயமும் இருக்கிறது. பழைய ஊரைச் சுற்றி ஓடும் புல்வார் சாலைகளுக்கு உட்பட்ட பகுதியில் உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மரபுக் கட்டடப் பட்டியலில் உங்கள் வீடு இருந்தால் இடிப்பதற்கும் முகப்பை மாற்றுவதற்கும் மரபுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் திட்டக் குழுமம் அனுமதி தராது. பட்டியலில் இருக்கிறதா என்பதைத் திட்டக் குழும அலுவலகத்தில் வார்டு, பிளாக், சர்வே எண்ணைக் கொடுத்து எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரி அலுவலகத்தையும் போய்ப் பாருங்கள். இந்த வீட்டைப் பற்றி ஏற்கெனவே ஒரு கோப்பும் பழைய படமும் அவர்களிடம் இருக்க வாய்ப்பு உண்டு. வைசியாள் வீதியில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வீதியின் ஒரு பகுதி முழுவதற்கும் திண்ணையும் தாழ்வாரமும் மீட்டெடுத்தார்கள். 2008-ல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதும் கிடைத்தது. கடற்கரை மண்டல விதிகளைப் பற்றி இரண்டே வரி: கடலேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருப்பவற்றுக்கு அது முக்கியம். உங்கள் வீடு வாய்க்காலுக்கு நன்றாக மேற்கே இருப்பதால் பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறேன், வரைபடத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் பத்திரம். இந்த ஊர் நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தது 1954 நவம்பர் 1-ல். சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அதுவரை சொத்து எழுத்தெல்லாம் பிரெஞ்சுச் சட்டத்தில், நொத்தேர் (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் அதிகாரி) முன்னிலையில், பிரெஞ்சு மொழியில். உங்கள் வீட்டுக்குத் தாய்ப்பத்திரம் என்று ஒன்று இருந்தால் அது மஞ்சளான பிரெஞ்சுக் காகிதமாக இருக்கும். அதைத் தரகர் 'பழசு சார், அது வேண்டாம், இந்த 1987 செட்டில்மென்ட் போதும்' என்று ஒதுக்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். பிரெஞ்சு தெரிந்த, இந்த ஊர் வழக்குகளைப் பார்த்துப் பழகிய வக்கீலிடம் கொடுத்து வரிவரியாக மொழிபெயர்த்து வாங்குங்கள். நான் முன்னே சொன்ன வயதுச் சான்றும் அதற்குள்தான் இருக்கும். எத்தனை அறை, மாடி உண்டா, கிணறு யாருக்குப் பொது என்பதெல்லாம் நொத்தேர்கள் எழுதிவைப்பார்கள்.

அடுத்து, குடும்பம் எந்தச் சட்டத்துக்குக் கீழே வருகிறது என்பது. 1881-ல் வந்த ஓர் ஆணையின்படி, தங்கள் சாதி சமய வழக்கங்களை விட்டுவிட்டுப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்பதாக எழுதிக் கொடுத்தவர்கள் இங்கே உண்டு. பிரெஞ்சில் ரெனோன்சான் என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன சொல்தா குடும்பங்கள் பலவும் இதில் அடக்கம். அவர்களின் வாரிசுகளுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. கணவன் மனைவிக்குள் கூட்டுச் சொத்து, பிள்ளைகளுக்குத் தட்ட முடியாத பங்கு என்று கணக்கே வேறு. ரெனோன்சான் அல்லாத இந்துக் குடும்பம் என்றாலும் பழைய தலைமுறையில், பிரெஞ்சு நீதிமன்றங்கள் இங்கே பின்பற்றிய இந்து வழக்காறு சென்னை மாகாணத்தில் இருந்ததோடு முழுக்க ஒத்ததல்ல. ஆக, சென்னையில் வீடு வாங்கிப் பழகிய உங்கள் வக்கீல் நண்பர் நல்லவராகவே இருந்தாலும் இதில் தடுமாறலாம். எந்தப் பங்கு யாருக்கு என்று நான் சொல்லத் துணியமாட்டேன். ஒரு கேள்வியை மட்டும் கேட்கச் சொல்கிறேன்: இந்த வீட்டில் கடைசியாக முழு உரிமையோடு இருந்தவர் யார், அவர் எந்தச் சட்டத்துக்குக் கீழே இறந்தார்?

'பங்காளிகள் எல்லாரும் சம்மதம்' என்ற அந்த ஒரு வரி. எல்லாரும் என்றால் எத்தனை பேர்? பெண்பிள்ளைகள் அதில் இருக்கிறார்களா? பிரான்சில், பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் யாராவது இருக்கிறார்களா? இந்த ஊர்க் குடும்பங்களில் இல்லாமல் இருப்பதுதான் அபூர்வம். வெளிநாட்டில் இருப்பவர் நேரில் வராமல் அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அது அங்கே இந்தியத் தூதரகத்திலோ, அந்நாட்டு நொத்தேர் முன்னால் எழுதி, ஆவணம் உண்மை என்று அந்நாட்டு அரசு சான்றளிக்கும் அப்போஸ்தீல் முத்திரை பெற்றோ வந்திருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வையும் கட்டியிருக்க வேண்டும். கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை வீடியோ அழைப்பில் முகம் பார்த்துப் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் வெளிநாட்டில் வாழ்பவர்களின் வீடுகளைப் போலி ஆவணம் வைத்து விற்று வழக்கும் கைதுமாக முடிந்த கதைகள் இந்த ஊர்ச் செய்தித்தாள்களுக்குப் புதிதில்லை. வில்லங்கச் சான்றை முப்பது வருஷத்துக்கு எடுத்தால் போதும் என்பார்கள். பழைய வீட்டுக்கு, கிடைக்கும் வரை பின்னால் போங்கள்.

அளவில் ஒரு சின்னப் பொறி உண்டு. விளம்பரத்தில் 'ஐந்து குழி மனை' என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் பல இடங்களில் குழி என்றால் 144 சதுர அடி. புதுச்சேரியில் 576. நீங்கள் விழுப்புரத்துக்காரர் என்பதால் மனசுக்குள் 720 சதுர அடி என்று போட்டுக்கொண்டு விலையைப் பார்த்து மிரண்டிருக்கலாம். இங்கே அது 2,880. பத்திரத்தில் குழியை நம்பாமல் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று இருக்கும் பிரெஞ்சு அளவைப் பாருங்கள். ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். அதையும் நாடா பிடித்து அளந்து சரிபாருங்கள்.

விலையைப் பொறுத்தவரை, பேரம் மனை மதிப்பில்தான் நடக்கும், கட்டடத்துக்கு யாரும் காசு போட்டுப் பேசமாட்டார்கள். வங்கியும் அப்படித்தான், பழைய கட்டடத்துக்கு மிச்ச ஆயுள் எவ்வளவு என்று மதிப்பீட்டாளர் எழுதுவதைப் பொறுத்துக் கடன் சுருங்கும். நான் செய்வது என்னவென்றால், பழுதுச் செலவை முதலில் மதிப்பிட்டு அதைப் பேரத்தில் முன்வைப்பது. திறந்து பார்த்த பிறகு மதிப்பீடு எப்போதும் ஏறும். குறைந்து நான் பார்த்ததில்லை. கையிருப்பு முழுவதும் வாங்குவதிலேயே தீர்ந்துவிடும் என்றால் வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். பாதி திறந்த கூரையோடு ஒரு ஐப்பசியைக் கடப்பதைப் போல ஒரு வீட்டுக்குக் கெடுதல் வேறில்லை. வாடகைக்கு விடும் விருந்தினர் இல்லமாக்கும் உங்கள் திட்டத்தில் எனக்குக் கருத்து இல்லை. வருமானக் கணக்கு என் துறை அல்ல. முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடி ஏசி வைக்கலாம் என்கிற யோசனையை மட்டும் கைவிடுங்கள். வீட்டின் சூடும் ஈரமும் வெளியேறும் வழி அது.

என் கணக்கில் வரிசை இப்படி. டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், வக்கீலின் எழுத்து வரட்டும். அது வந்த பிறகு ஆசாரியோடு ஒரு நாள், நன்றாக மழை பெய்த மறுநாள், போய் உத்திரத் தலைகளைத் தட்டிப் பாருங்கள். எட்டில் இரண்டு தலை போயிருந்தால் தைரியமாக வாங்கலாம், ஆறு போயிருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். கையெழுத்தில் ஒன்று குறைந்தாலும் நான் வாங்கமாட்டேன், சுவர் பளிங்காக இருந்தாலும்.

கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், திண்ணைக்கு கிரில் போட்டு மூடிவிட்டால் ஓர் அறை கிடைக்குமே என்று. நாடாவைக் கையில் வைத்திருக்கும்போதே திண்ணைக்கு வெளியே மரத்தூண் வரிசையில் நிற்கும் தெருத் தாழ்வாரத்தையும் பத்திரத்து அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அந்தத் தூண்கள் நிற்கும் இடம் மனைக்குள் வருவதில்லை, அது தெருவுடையது. கூரை உங்களுடையது, நிழல் போகிறவர் வருகிறவர்களுடையது என்று இத்தனை காலம் ஓடியிருக்கிறது. அங்கே கிரில் போட்டால் நகராட்சியிலிருந்து முதல் நோட்டீஸ் வரும்.